ஜீவராணி காட்டிய இடம்

தெல்கொல்லைத் தோட்டத்தில் துளை போடும் மெஷின் வந்து இறங்கிய அன்று ஜீவராணி றப்பர் பால் வெட்டப் போகவில்லை. கத்தியையும் வாளியையும் வாசல் மூலையில் வைத்துவிட்டு, நல்ல சேலையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு, நேராகச் சரிவு மேட்டுக்கு நடந்தாள். அங்கே லொறியிலிருந்து இரும்புக் குழாய்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வைக்கு வந்திருந்த இஞ்சினியர் முப்பது வயதுக்காரர். மாவனல்லை ஆள், பெயர் இக்ராம். தமிழ் பேசுகிறவர் என்று கங்காணி முன்பே சொல்லி வைத்திருந்தார்.

"சேர், தேத்தண்ணி ஊத்த, சமைக்க ஆள் வேணுமின்னு சொன்னாங்க. நான் வர்றேங்க" என்றாள்.

"நல்லம். ஒரு மாசத்துக்கு மேல வேல இரிக்கி. உங்களுக்கு அவ்வளவு நாளைக்கி வர ஏலுமா அக்கா?"

"நீங்க சாமான கட்டிக்கிட்டுப் போற நாள் வரைக்கும் வர்றேங்க."

இக்ராம் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். இவள் அடுப்புக்குக் கல் பொறுக்க ஆரம்பித்தாள். சமைக்கக் கிடைக்கும் கூலி பால் வெட்டுக் கூலியை விட ஒன்றும் கூடுதல் இல்லை. ஆனால் அந்த மெஷின் மண்ணுக்குள்ளிருந்து எதை எடுக்கிறது என்று அருகிலிருந்து பார்க்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன், ஒரு வைகாசி மாதத்தில், தோட்டத்துக் கீழ்ப்பிரிவுக்கு மேலே நின்ற மலை சரிந்தது. மூன்று நாள் விடாத மழை. பள்ளிக்கூடம் மூடியிருந்தது. மழையில் பால் வெட்டு இல்லையென்பதால் ஆண்களும் பெண்களும் லயத்து வரிசை வீடுகளில்தான் இருந்தார்கள். ஜீவராணி மட்டும் தங்கச்சியின் பிரசவத்துக்குத் துணையாகக் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டில் அவள் புருஷன் ஐயாவுவும், பதினோரு வயது மகள் தனுஜாவும். பிற்பகலில் சேதி வந்தது. ஆறு பெருகி ரோட்டை மறித்துவிட்டதால், மறுநாள் காலையில்தான் மலையைச் சுற்றி நடந்து அவள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள்.

வந்தவளுக்குத் தன் லயம் இருந்த திசையே பிடிபடவில்லை. படிக்கட்டு, தண்ணீர்ப் பீலி, கோயில், வாழைத் தோப்பு என்று அடையாளம் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. சிவப்பு மண்ணும் வீடு அளவு பாறைகளும் ஓடை வரைக்கும் நாக்கு நீட்டிக் கிடந்தன. தப்பிய ஒன்றிரண்டு பேரும் பேச்சற்றுப் போயிருந்தார்கள். தேடுவதற்கு ஆமிக்காரர்கள் வந்திருந்தார்கள், மண் தோண்டும் பெக்கோ மெஷின்களும் வந்திருந்தன. லயம் இருந்த இடம் எது என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார். எவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் ஜீவராணி அந்தப் பலாமரத்தைக் கண்டாள். பீலிக்குப் பின்னால் நின்ற மரம். அத்தனை அழிவுக்கு நடுவிலும் இலை உதிராமல், சாயாமல் நின்றது. இருபது வருஷம் பீலியில் தண்ணீர் பிடித்துக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தவள். மரத்தடியில் போய் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு, குடம் சுமந்த நடையில் நடந்தாள். கால் எங்கே நின்றதோ அங்கே நின்று, "மெதன தமாய் மாத்தயா, இதுதான் எங்க வாசல்" என்று இரண்டு பாஷையிலும் சொன்னாள். அவள் வாசலை வைத்து மற்ற வீட்டுக் காம்பராக்களையும் வரிசை சொன்னாள். பெக்கோக்கள் அங்கே தோண்டின.

இடுப்பளவு ஆழம் தோண்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஐயாவுவின் உடம்பை மட்டும் வெகு கீழே, ஓடைக்கரையில், பக்கத்துக் கிராமத்து ஆட்கள் கண்டெடுத்தார்கள். வெள்ளம் பார்க்க ஓடைப் பக்கம் இறங்கியிருப்பான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். தனுஜா கிடைக்கவில்லை. லயத்தில் இருந்த ஏழு குடும்பத்தில் பாதிப்பேர் கிடைக்கவில்லை. மறுபடி மழை பிடித்தது, மேலிருந்து மண் இறங்கியது, தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அதன் பிறகு அவள் தன் வாசல் என்று காட்டிய இடத்தில் ஓர் ஆற்றங்கல்லைக் கொண்டுவந்து நட்டாள். மற்றவர்களும் அந்த வரிசையைக் கொண்டு தங்கள் தங்கள் இடத்தில் கல் வைத்தார்கள். மகனையும் மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் பறிகொடுத்த வெள்ளையம்மா, எழுபதைத் தாண்டியவள், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அங்கே போய்ச் சூடம் கொளுத்திவிட்டு, வீட்டுத் திண்டில் உட்கார்ந்து பேசுகிறவள் மாதிரி மகனோடு பேசிவிட்டு வருவாள். ஜீவராணியை அவள் கண்டபோதெல்லாம் கையைப் பிடித்துக்கொள்வாள். "நீ மட்டும் காட்டலன்னா எனக்கு இந்த எடமும் இல்ல தாயி" என்பாள்.

இப்போது அந்த மேட்டுக்குக் குறுக்கே ரோடு போடப் பேச்சு எழுந்திருந்தது. டவுனுக்குப் போகிற வழியைச் சரிவு அறுத்துப் போட்டதிலிருந்து, மேல்பிரிவுக்காரர்கள் நோயாளிகளைக் கதிரையில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். சரிந்த மண் எவ்வளவு ஆழத்துக்குக் கிடக்கிறது, அடியில் கல் எங்கே தட்டுகிறது, மேலே ரோட்டைத் தாங்குமா என்று பார்க்கத்தான் இக்ராமின் ஆட்கள் வந்திருந்தார்கள்.

மூன்று காலில் நிற்கும் இரும்புச் சட்டம். அதிலிருந்து கனத்த குண்டு ஒன்றைத் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். ஒவ்வொரு அடிக்கும் கீழிருக்கும் குழாய் மண்ணுக்குள் இறங்கும். சுலபமாக இறங்கினால் இளகிய மண், இறங்க மறுத்தால் இறுகிய மண். பிறகு குழாயை மேலே எடுத்து இரண்டு பாதியாகப் பிரித்தால் ஆழத்து மண் ஒரு கட்டை போலக் கிடக்கும். பாறை தட்டினால் மெஷின் ஓட்டும் பந்துல "கல ஆவா!" என்று கத்துவார். அப்புறம் வேறு முனை மாட்டிக் கல்லையே உருளை உருளையாக அறுத்து எடுப்பார்கள்.

குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டால் ஜீவராணி அடுப்பில் கொதிப்பதை விட்டுவிட்டு ஓடி வருவாள். சீமெந்துத் துண்டு, தகரம், துணி, ஏதாவது தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பாள். தெரிந்துவிடுமோ என்ற பயமும் கூடவே இருக்கும். பந்துல முதலில் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். "அக்கே, தே எக்க புச்சுனா!" என்று தேத்தண்ணி தீய்ந்துபோனதைச் சொல்லிச் சிரிப்பார். பிறகு யாரோ அவருக்கு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் திடீரென்று சிரிப்பதை நிறுத்திவிட்டார். அன்று முதல் குழாயைத் திறப்பதற்கு முன், அவள் வந்துவிட்டாளா என்று திரும்பிப் பார்ப்பார்.

நாள் போகப் போகக் கல் உருளைகளைக் கழுவிப் பெட்டியில் அடுக்குவதும் அவள் வேலையானது. இக்ராம் மண்ணைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். "இது சரிஞ்சி வந்த மண் அக்கா. பாருங்க, எல்லாம் கலந்து, கல்லெல்லாம் கூர் கூரா இரிக்கி. இதுக்கு அடியில கறுப்பா, வேரும் இலையுமா ஒரு பட வரும். அதுதான் முந்தின தரை. சரிவு வர முந்தி ஆக்கள் நடந்த தரை."

ஆக்கள் நடந்த தரை. அந்தச் சொல் அவளை விடவில்லை. இரண்டு நாள் மனதுக்குள் உருட்டிவிட்டு, மூன்றாம் நாள் சாப்பாடு பரிமாறும்போது கேட்டேவிட்டாள்.

"சேர், நாங்க கல்லு நட்ட எடத்துல ஒண்ணு போடுவீங்களா?"

இக்ராம் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார். "அந்தப் பக்கம் ஒண்டு போடத்தான் இரிக்கி. உங்கட ஆக்கள் மனம் நோகும் எண்டு கொஞ்சம் தள்ளிப் போடுவம் எண்டு நெனச்சேன். அங்க மனுச எலும்பு ஏதும் வந்தா வேலய நிப்பாட்டிப் பொலிசுக்குச் செல்லணும். பெரிய கரச்சல்."

"வரட்டும் சேர். எடுத்து அடக்கம் பண்ணுவோம்."

தோட்டத்தில் பேச்சு பலமாக எழுந்தது. கோயில் முன்னால் கூடினார்கள். சமாதி மேலே ஓட்டை போடுவதா என்று தொழிற்சங்கத் தலைவர் குதித்தார். ஜீவராணி கூட்டத்தில் எழுந்து பேசிப் பழகியவள் அல்ல. ஆனாலும் எழுந்தாள்.

"நாளைக்கி ரோடு போட்டா அதுக்கு மேல பஸ்ஸு ஓடும். அப்ப என்னா செய்வீங்க? எம்புள்ளையோட ஒரு துண்டு எலும்பாவது கெடைச்சா மஞ்சத் துணியில முடிஞ்சு அவங்கப்பா பக்கத்துல வைப்பேன். எனக்கு அது போதும்."

கடைசியில் வெள்ளையம்மாதான் சொன்னாள். "அவ காட்டின எடம். அவளே கேக்கறா. போடட்டும்."

மறுநாள் காலையில் மெஷினை அங்கே நகர்த்தினார்கள். ஜீவராணி தன் கையாலேயே கல்லைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள். பந்துல செருப்பைக் கழற்றிவிட்டு ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி மண்ணில் குத்தினார். வெள்ளையம்மா குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தாள். ஏழு குடும்பத்து ஆட்களும் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

முதல் குழாயில் சிவப்பு மண். இரண்டாவதைத் திறந்தபோது மேல் பாதி சிவப்பு, கீழ்ப் பாதி கறுப்பு. இக்ராம் நெற்றியைச் சுருக்கினார். ஆள் உயரம்கூட இறங்கவில்லை, அதற்குள் முந்தின தரை வந்துவிட்டது. கறுப்பு மண்ணை விரலால் விலக்கினார். வேர், மக்கிய சருகு, புள்ளி புள்ளியாகப் பழுப்பு நிறத்தில் உடைந்த கொட்டைத் தோல்கள்.

"இது என்ன அக்கா?"

ஜீவராணி ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தாள். "றப்பர் கொட்டைங்க."

"லயத்துக்கிட்ட றப்பர் மரம் நிண்டதா?"

"இல்லீங்க. பீலியும் வாழையுந்தான். றப்பர் மலை கீழ..." என்று சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்திவிட்டாள்.

இன்னும் ஆழமாகப் போட்டார்கள். கறுப்புக்குக் கீழே எவர் கையும் படாத இறுகிய மண். கொஞ்சம் தள்ளி இன்னொன்று போட்டார்கள். அதிலும் அதேதான். சீமெந்துத் தரை இல்லை, செங்கல் இல்லை, அடுப்புக் கரி இல்லை. அந்த இடத்தில் எந்தக் காலத்திலும் மனிதர் குடியிருந்ததற்கு ஒரு தடயமும் இல்லை.

"நீங்க எதை வச்சி இந்த எடத்தச் சென்னீங்க?" என்று இக்ராம் கேட்டார்.

அவள் பலாமரத்தைக் காட்டினாள்.

இக்ராம் மரத்தைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். வேரடியில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு மெஷினை மரத்தடிக்குக் கொண்டுவரச் சொன்னார். அதற்கு ஒரு முழுநாள் பிடித்தது. மரத்தடியில் முதலில் நல்ல தோட்டத்து மண் வந்தது, பலா வேர் வந்தது. அதற்கும் கீழே போகப் போக உடைந்த கல்லும் கலங்கிய மண்ணும் வந்தன. அதற்கும் கீழே கறுப்பு மண், றப்பர் சருகு. பலாமரத்துக்கு அடியில் றப்பர் மலையின் தரை கிடந்தது.

இக்ராம் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் சொன்னார். "மரம் இங்க நிண்டதில்ல அக்கா. மேல நிண்டிரிக்கி. விழாம, நிண்ட வாக்கிலயே, மண்ணோட சேந்து வழுக்கி இறங்கி வந்திரிக்கி. இப்பிடி நடக்கிறதுதான். பாக்கிற யாருக்கும் அது அங்கயே நிண்ட மாதிரித்தான் தெரியும்."

அவர் கொழும்பிலிருந்து, சரிவுக்கு முன் விமானத்திலிருந்து எடுத்த பழைய வான்படம் ஒன்றையும் வரவழைத்துக் காட்டினார். மரங்களுக்கு நடுவே லயத்துக் கூரை சாம்பல் கோடாகத் தெரிந்தது, வெகு மேலே. இப்போது அந்த இடத்தில் வெறும் பாறைதான் மழிக்கப்பட்ட தலை மாதிரி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. லயம் முழுவதும் அங்கிருந்து இறங்கி வந்திருக்கிறது. ஐயாவு வெள்ளம் பார்க்கப் போகவில்லை. வீட்டோடுதான் ஓடைக்கு வந்திருக்கிறான்.

"இந்தப் படம் எட்டு வருசமா இருந்துச்சுங்களா?"

"இருந்திரிக்கி."

"யாரும் பாக்கலையா சேர்?"

"தேடிப் பாக்கச் சென்னாத்தானே பாப்பாங்க" என்றார் இக்ராம், மெல்லிய குரலில்.

அவள் படத்தில் அந்தச் சாம்பல் கோட்டின் மேல் விரலை வைத்தாள். பிறகு கேட்டாள்: "அன்னைக்கி நான் சரியா காட்டியிருந்தா? கீழ தோண்டியிருந்தா?"

"உசிரோட யாரும் கெடைச்சிரிக்க மாட்டாங்க அக்கா. இந்த மாதிரி மண்ணுக்குள்ள அஞ்சு நிமிசம் தாங்க ஏலாது."

"ஒடம்பாவது?"

இக்ராம் படத்தைச் சுருட்டத் தொடங்கினார். உயிரோடு யாரும் கிடைத்திருக்க மாட்டார்கள் என்றதையும் அவள் மனம் ஆறத்தான் சொன்னாரா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் இன்று வரைக்கும் தீரவில்லை.

"அப்ப எம்புள்ள எங்க சேர்?"

அவர் கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்டியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அந்த இடத்தில் கல்லை நட்டு மிச்சக் காலத்தையும் ஓட்டியிருப்பாள். இக்ராம் மேட்டைப் பார்த்தார், ஓடைப் பக்கம் குவிந்து கிடந்த பெரிய மண் வயிற்றைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது அக்கா" என்றார். "ஓடைக்கிட்ட மண் சரியான ஆழம். அதுக்குள்ள இரிக்கலாம். ஆத்தோட போயிருக்கவும் ஏலும். பொய் செல்ல எனக்கு மனமில்ல."

வெள்ளையம்மாவிடம் யார் சொல்வது என்று தோட்டத்தில் எல்லாரும் தயங்கினார்கள். தலைவர், சொல்லவே வேண்டாம், கிழவி இருக்கும்வரை கும்பிட்டுக்கொண்டு போகட்டும் என்றார். ஜீவராணிக்கு அது ஒப்பவில்லை. அன்று மாலையே வெள்ளையம்மா வீட்டுக்குப் போனாள். வாசற்படியில் உட்கார்ந்து, மரம் வழுக்கி வந்த கதையை ஒளிக்காமல் சொன்னாள்.

வெள்ளையம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முடிந்ததும் கேட்டாள்: "நீ காட்டின எடத்தத்தானே அன்னைக்கித் தோண்டுனாங்க?"

"ஆமா பெரியம்மா."

"எம்மகன் கீழ கெடக்க, மெஷினெல்லாம் மேல வெறும் மண்ணத் தோண்டிச்சு."

"ஆமா."

"எட்டு வருசமா நான் றப்பர் சருகோட பேசிக்கிட்டு இருந்திருக்கேன்."

"எனக்குத் தெரியாது பெரியம்மா. மரத்தப் பாத்து..."

"தெரியாதில்ல? தெரியாததோட விட்டிருக்கலாமில்லடி! யாரு உன்னப் போயி ஓட்டை போடச் சொன்னா?" கிழவியின் குரல் பக்கத்து வீடுகளுக்கும் கேட்டது. "எந்திரி. என் வாசல்ல ஒக்காராத."

அதன்பின் வெள்ளையம்மா அவளோடு பேசவில்லை. வேறு இரண்டு குடும்பமும் பேசவில்லை. பால் நிறுக்கும் இடத்தில் வரிசையில் நிற்கும்போது அவளுக்கு முன்னும் பின்னும் இடைவெளி விட்டு நின்றார்கள். சிலர், பாவம், அவள் என்ன செய்வாள் என்றார்கள். அதைக் கேட்கும்போதுதான் அவளுக்கு இன்னும் கூசியது.

மெஷின்காரர்கள் வேலை முடிந்து சாமான்களைக் கட்டினார்கள். பந்துல தன் குடும்பத்துக்கு வாங்கி வைத்திருந்த பிஸ்கட் பெட்டியை அவள் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். இக்ராம் போன் நம்பரைக் கொடுத்தார். அவள் அதை இதுவரை அழைத்ததில்லை.

ரோடும் வரவில்லை. மண் இன்னும் இறுகவில்லை, பலாமரத்தைச் சுமந்து வந்த திட்டு எந்த மழையிலும் மறுபடி நகரலாம், மேலே பாரம் ஏற்றவே கூடாது என்று இக்ராம் உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டார். கிராமத்துப் பக்கமாகச் சுற்றிப் புதுப் பாதை பார்ப்பதாகச் சொன்னார்கள். எப்போது என்று சொல்லவில்லை. மேட்டைச் சுற்றிக் கம்பி கட்டி, உள்ளே போவது ஆபத்து என்று சிங்களத்திலும் தமிழிலும் பலகை நட்டார்கள். மேல்பிரிவில் நோயாளிகள் இன்றைக்கும் கதிரையில்தான் போகிறார்கள். இஞ்சினியரைக் கூட்டிக்கொண்டு போய்த் துளை போட வைத்தவள் ஜீவராணி என்பதால், ரோடு கெட்டதும் அவளால்தான் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு அவள் எங்கும் போகவில்லை. வீட்டில் வாழையிலை போட்டு, தனுஜாவுக்குப் பிடித்த பயறுக் கஞ்சியும் பப்படமும் வைத்தாள். எந்தத் திசை பார்த்து இலையைப் போடுவது என்று குழம்பி, கடைசியில் கதவைப் பார்த்துப் போட்டாள். விழுந்து கும்பிடும்போது யாரைக் கும்பிடுகிறோம் என்றே தோன்றவில்லை. எழுந்து இலையை எடுத்துக் காக்கைக்கு வைத்துவிட்டு, வேலைக்குப் போய்விட்டாள்.

மறு வைகாசியில், சரிவு நடந்த அதே தேதியில், காலையிலேயே மழை தூறிக்கொண்டிருந்தது. பால் வெட்டு இல்லை. ஜீவராணி வெறுமனே உட்கார்ந்திருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. வெள்ளையம்மா. கையில் சூடமும் ஒரு சீப்பு வாழைப்பழமும். ஒரு வருஷத்தில் கிழவி பாதியாகியிருந்தாள். ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"எனக்கு முட்டி புடிச்சிக்கிச்சு. தனியா எறங்க முடியல. கூட்டிக்கிட்டுப் போ."

"எங்க பெரியம்மா?"

"எங்கன்னா? கல்லுக்கிட்டத்தான்."

"அங்க ஒண்ணும் இல்லியே பெரியம்மா. ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்டி. அதுக்கு? வேற எங்க போறது? நீயே சொல்லு."

ஜீவராணி குடையை எடுத்துக்கொண்டு, கிழவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பலகைக்குப் பக்கத்தில் யாரோ ஏற்கெனவே கம்பியை வளைத்து வழி விட்டிருந்தார்கள். துளை போட்ட இடத்தில் மண் அடைந்து புல் முளைத்திருந்தது. ஓரமாக அவள் எடுத்து வைத்த கல் வைத்தபடியே கிடந்தது. வெள்ளையம்மா அதை நட்டு வைக்கும்படி சொல்லவில்லை, அவளும் நடவில்லை.

சூடம் இரண்டு தரம் மழையில் அணைந்தது. மூன்றாம் தரம் ஜீவராணி குடையைத் தாழ்த்திப் பிடித்தாள். பற்றிக்கொண்டது. வெள்ளையம்மா மகனோடு பேசத் தொடங்கினாள். ஆனால் இந்த முறை மண்ணைப் பார்த்துப் பேசவில்லை. தலையை நிமிர்த்தி, மழையில் மங்கிக் கிடந்த ஓடைப் பக்கத்தைப் பார்த்து, தூரத்தில் போகிறவனுக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் பேசினாள்.